தமிழ்ப் பேட்டிகளை காசு செலவில்லாம கோடிங் பண்றது எப்படி: குவால்கோடரும் டேகெட்டும்

பேட்டி எல்லாம் எடுத்தாச்சு, ஃபோன்ல இருபது இருபத்தஞ்சு ஆடியோ ஃபைல் கிடக்கு, பாதி டைப் பண்ணியாச்சு, மீதியை ஃப்ரெண்டு ஒருத்தங்க டைப் பண்ணிட்டு இருக்காங்க, கைடு "என்விவோல போட்டுடுங்க"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டார், அந்த மென்பொருளோட லைசென்ஸ் விலையைப் பார்த்தா தலை சுத்துது. இப்படி நிக்கிற பிஎச்டி, எம்எஸ்டபிள்யூ, பொது சுகாதாரம் படிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கோடிங்னா இங்க ப்ரோக்ராம் எழுதறது இல்ல, பேட்டில ஒவ்வொரு துண்டும் என்ன சொல்லுதுன்னு ஒரு சின்னப் பேரு ஒட்டி வெக்கறது; அந்தப் பேருதான் கோடு, சில மென்பொருள்ல டேக். காசு கட்டாம, தமிழ் டெக்ஸ்ட்டை தமிழாவே வெச்சுக்கிட்டு, நல்ல அனாலிசிஸ் பண்ண முடியும். ஆனா தமிழ்ல வேலை செய்யறப்போ மட்டும் வர்ற சில சிக்கல் இருக்கு, அதை இங்கிலீஷ் வீடியோ எதுலயும் சொல்ல மாட்டாங்க, அதனால அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். எஸ்பிஎஸ்எஸ் மாதிரி புள்ளிவிவர மென்பொருள்ல டேட்டாவைப் போட்டு பட்டனை அழுத்தினா டேபிள் வரும், இங்க அப்படி எதுவும் வராது. படிக்கறதும் யோசிக்கறதும் முழுக்க உங்க வேலை. மென்பொருள் செய்யற உதவி ஒண்ணே ஒண்ணு: நீங்க தீசிஸ்ல எழுதற ஒவ்வொரு முடிவுல இருந்தும், அதைச் சொன்ன ஆளோட வரிக்கு, அந்த வரிக்கு முன்னாடி பின்னாடி அவங்க என்ன சொன்னாங்கங்கறதுக்கு, உடனே திரும்பிப் போற வழியை அது பத்திரமா வெச்சிருக்கும். வைவால "இதை எத்தனை பேர் சொன்னாங்க, யாராவது மாத்தி சொன்னாங்களா"ன்னு கேட்டா அந்த வழி இருந்தாத்தான் பதில் சொல்ல முடியும். கீழ சொல்ற எல்லா வேலையும் அந்த வழி அறுந்து போகாம இருக்கறதுக்குத்தான்.

எந்த டூல்

காசு கட்டி வாங்கறதுல பெரிய பேர் மூணு. என்விவோ, அட்லஸ் டிஐ, மேக்ஸ்கியூடிஏ. என்விவோவோட மூதாதை 1980கள்ல ஆஸ்திரேலியால மெல்போர்ன்ல டாம் ரிச்சர்ட்ஸ், லின் ரிச்சர்ட்ஸ் தம்பதி உருவாக்கினது, மத்த ரெண்டும் ஜெர்மனில பொறந்தது. உங்க யூனிவர்சிட்டில லைசென்ஸ் இருந்தா தாராளமா யூஸ் பண்ணுங்க. இல்லைன்னா ஒண்ணும் குறைஞ்சு போகல.

இலவசத்துல நான் சொல்றது ரெண்டு. ஒண்ணு டேகெட். ரெமி ராம்பின், விக்கி ராம்பின்னு ரெண்டு பேர் எழுதினது, ஓப்பன் சோர்ஸ். ரொம்ப எளிமை, டெக்ஸ்ட்டை செலக்ட் பண்ணி டேக் போடலாம், டேக் வாரியா எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆடியோ, படம் எல்லாம் இதுல கோட் பண்ண முடியாது. அவங்களே நடத்தற சர்வர்லயும் யூஸ் பண்ணலாம், அப்போ ரெண்டு மூணு பேர் ஒரே நேரத்துல வேலை செய்யலாம், ஆனா பேட்டியை வெளி சர்வர்ல ஏத்த அனுமதி இருந்தா மட்டும். இல்லைன்னா உங்க கம்ப்யூட்டர்லயே இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

இன்னொண்ணு குவால்கோடர். ஆஸ்திரேலியால டாஸ்மேனியா யூனிவர்சிட்டில இருக்கற காலின் கர்ட்டன் பைத்தான்ல எழுதினது, இதுவும் ஓப்பன் சோர்ஸ். டெக்ஸ்ட், படம், ஆடியோ, வீடியோ எல்லாத்தையும் கோட் பண்ணலாம், ஆட்களோட விவரத்தை சேர்த்து வெச்சு வடிகட்டிப் பார்க்கலாம், ரெண்டு பேர் பண்ணின கோடிங்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்க்ரீன் பார்க்க அவ்வளவு அழகா இருக்காது, முதல் வாரம் எங்க எது இருக்குன்னு தேடுவீங்க, ஆனா ஒரு பிஎச்டிக்குத் தேவையானது எல்லாம் உள்ள இருக்கு.

பத்து பேட்டிக்குள்ள, ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்னா டேகெட் போதும். அதுக்கு மேலன்னா, இல்ல ஆண் பெண், வயசு, ஊர்னு பிரிச்சுப் பார்க்கற தேவை இருந்தா குவால்கோடர். குழப்பமே வேணாம். நடுவுல மனசு மாறினாலும் 2019ல வந்த ரெஃபி கியூடிஏன்னு ஒரு பொதுவான ஃபைல் வடிவம் இருக்கு, குவால்கோடர் அதுல எக்ஸ்போர்ட் பண்ணும், என்விவோ, அட்லஸ், மேக்ஸ்கியூடிஏ எல்லாம் அதைத் திறக்கும். டேகெட்ல இருந்து கோடுபுக்கை, அதாவது கோடுகளோட பட்டியலையும் விளக்கத்தையும், மட்டும் அந்த வடிவத்துல எடுக்கலாம்.

டெக்ஸ்ட்டை தயார் பண்றது

பாதிப் பேர் தடுக்கி விழற இடம் இதுதான், அதனால நின்னு பார்ப்போம்.

ஆடியோவை டெக்ஸ்ட் ஆக்கறதுக்கு ஓடிரான்ஸ்க்ரைப்னு ஒரு இலவச வெப் டூல் இருக்கு, ஆடியோ உங்க பிரவுசரை விட்டு வெளிய போகாது, எஸ்கேப் கீயை அழுத்தினா நிக்கும் ஓடும், கன்ட்ரோலும் ஜேவும் சேர்த்து அழுத்தினா நேரம் குறிச்சுக்கும். அந்த நேரக் குறிப்பை அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணாவது போடுங்க, பின்னாடி ஒரு வரில சந்தேகம் வந்தா ஆடியோல நேரா அந்த இடத்துக்குப் போகலாம். 2022ல ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் தமிழையும் எழுதிக் குடுக்கும், உங்க கம்ப்யூட்டர்லயே ஓட்டலாம். ஆனா அது குடுக்கறது முதல் டிராஃப்ட்டுன்னு மட்டும் எடுத்துக்கோங்க. பேச்சுத் தமிழ், வட்டார வழக்கு, பின்னாடி பஸ் சத்தம், ரெண்டு பேர் சேர்ந்து பேசறதுன்னு வந்தா தடுமாறும், யாருமே பேசாத இடத்துல கூட பேசாத வாக்கியத்தை எழுதி வெச்சிடும். அதனால ஆடியோவை ஒரு தடவை முழுசா கேட்டுத் திருத்தறதைத் தவிர்க்கவே முடியாது. அந்தக் கேட்கறதுலயே பாதி அனாலிசிஸ் நடந்துடும், அதனால அதை வீண் வேலைன்னு நினைக்காதீங்க.

பேசினதை பேசின மாதிரியே எழுதுங்க. "போகமாட்டேன்னுட்டேன்"னு சொன்னதை "செல்ல மறுத்துவிட்டேன்"னு மாத்தினா அந்த அம்மா காணாமப் போயிடுவாங்க. ஆனா ஸ்பெல்லிங் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு பேட்டில "தண்ணி", இன்னொண்ணுல "தண்ணீ", மூணாவதுல "தன்னி"ன்னு இருந்தா தேடறப்போ சிக்கல். ரெண்டு பேர் டைப் பண்றாங்கன்னா ஒரு பக்கத்துக்கு விதி எழுதி ரெண்டு பேரும் வெச்சுக்கோங்க: பேசினது யாருன்னு எப்படிக் குறிக்கறது, சிரிச்சது அழுதது எப்படிப் போடறது, புரியாத இடத்தை எப்படிக் காட்டறது, நிறுத்தத்தைக் குறிக்கணுமா வேணாமா.

அடுத்தது எழுத்துரு. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருல டைப் பண்ணின டாக்குமென்ட்டை உள்ள போட்டா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா தெரியும். முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசமா கிடைக்குது. பழைய ரிப்போர்ட், அரசாணை எல்லாம் பிடிஎஃப்பா இருந்தா இன்னும் கவனம். கண்ணுக்கு நல்லா தெரியும், ஆனா உள்ள இருந்து டெக்ஸ்ட்டை எடுத்தா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா சிதறி வரும். அந்த மாதிரி பிடிஎஃப்பை கூகுள் டிரைவ்ல ஏத்தி, கூகுள் டாக்ஸா திறந்தா எழுத்தைப் படிச்சு டெக்ஸ்ட்டா குடுக்கும், அதைத் திருத்தி யூஸ் பண்ணுங்க. இது அரசாணைக்கும் பத்திரிகைச் செய்திக்கும் மட்டும்தான். பேட்டியை அப்படி வெளி சர்வர்ல ஏத்தாதீங்க.

யூனிகோடுலயே ஒரு ஒளிஞ்ச சிக்கல் இருக்கு. "கொ"ங்கற எழுத்தை ரெண்டு விதமா கம்ப்யூட்டர் சேமிக்கும். ஒரு விதத்துல ககரத்தோட ஒகரக் குறி ஒண்ணு. இன்னொரு விதத்துல ககரம், அப்புறம் ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், ஆனா தேடினா ஒண்ணு கிடைச்சு இன்னொண்ணு கிடைக்காது. நீங்க ஒரு கீபோர்டுலயும் ஃப்ரெண்டு வேற கீபோர்டுலயும் டைப் பண்ணியிருந்தா இது வர வாய்ப்பு இருக்கு. பைத்தான் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது சொன்னா என்எஃப்சின்னு ஒரு சீராக்கல் இருக்கு, நாலு வரி ப்ரோக்ராம்ல எல்லா ஃபைலையும் ஒரே மாதிரி ஆக்கிக் குடுத்துடுவாங்க. "கௌ"வுல வர்ற சிறகுக்கு பதிலா ளகரத்தைப் போட்டு "கெள"ன்னு அடிச்சிருந்தா அந்த ப்ரோக்ராம் திருத்தாது, அதைக் கையால தேடித்தான் மாத்தணும். கௌரவம், மௌனம், சௌகரியம்னு வர்ற வார்த்தைகளைத் தேடிப் பாருங்க.

கடைசியா பேரை மாத்தறது. இதை மென்பொருளுக்குள்ள போறதுக்கு முன்னாடியே செய்யணும், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா அந்தப் பேர் கோடு, மெமோ (நீங்க எழுதி வெக்கற குறிப்பு), எக்ஸ்போர்ட்னு எல்லா இடத்துக்கும் பரவிடும். ஆள் பேர் மட்டும் இல்ல, "பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துல இட்லிக் கடை வெச்சிருக்கேன்"னு ஒரு வரி போதும் ஊர்க்காரங்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க. யாருக்கு என்ன புனைபேர்ங்கற பட்டியலை ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல வெக்காதீங்க, வேற இடத்துல பாஸ்வேர்டு போட்டு வெச்சுக்கோங்க. அவங்க நம்மள நம்பி வீட்டுக்குள்ள உக்கார வெச்சு பேசினாங்க, இந்த ஒரு வேலைல மட்டும் அவசரமே கூடாது.

எல்லாம் முடிஞ்சதும் ஒவ்வொரு பேட்டியையும் தனி ஃபைலா, வேர்டு டாக்குமென்ட்டாவோ யூடிஎஃப் 8 டெக்ஸ்ட்டாவோ சேமிங்க. ஃபைல் பேரு "பே07_பெண்_2005" மாதிரி ஒரே ஒழுங்குல இருக்கட்டும். டேகெட்ல ஒரு தடவை உள்ள போட்ட டெக்ஸ்ட்டைத் திருத்த முடியாது. குவால்கோடர்ல திருத்தலாம், ஆனா கோடிங் ஆரம்பிச்சப்புறம் திருத்தாம இருக்கறதுதான் நல்லது.

ப்ராஜெக்ட்டைத் திறக்கலாம்

சும்மா பொதுவா சொன்னா புரியாது, ஒரு உதாரணத்தோட போவோம். சென்னை நகரத்துக்குள்ள இருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு தெற்கு ஓரத்துக்கு மாத்தப்பட்ட குடும்பங்களோட வேலையும் பயணமும் பத்தி நீங்க ஆய்வு பண்றீங்கன்னு வெச்சுக்கோங்க. கண்ணகி நகருக்கு 2000 வாக்குல இருந்தே ஆட்களைக் கொண்டு வந்தாங்க, செம்மஞ்சேரிக்கு 2004 சுனாமிக்கு அப்புறம் நிறைய பேர் வந்தாங்க, பெரும்பாக்கத்துக்கு 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நிறைய பேர். அப்போ யார் எப்போ வந்தாங்க, எதனால வந்தாங்கங்கறது உங்க அனாலிசிஸ்க்கு உயிர்.

குவால்கோடர்ல புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா ஒரு ஃபோல்டர் உருவாகும், உங்க கோடிங் எல்லாம் அதுக்குள்ள ஒரு டேட்டாபேஸ் ஃபைல்ல இருக்கும். அந்த ஃபோல்டரை கூகுள் டிரைவ், ஒன்டிரைவ்னு தானா சின்க் ஆகற இடத்துல வெச்சு வேலை செய்யாதீங்க, நடுவுல சின்க் ஆகி டேட்டாபேஸ் கெட்டுப் போற ஆபத்து இருக்கு. சாதாரண டிஸ்க்ல வெச்சு வேலை செஞ்சுட்டு, மூடினப்புறம் ஜிப் பண்ணி பாஸ்வேர்டு போட்டு தேதி எழுதி வேற டிஸ்க்ல ஒரு காப்பி போடுங்க. இது தினமும்.

உள்ள போனதும் செட்டிங்ஸ்ல உங்க கோடர் பேரைக் குடுங்க. ஃபைல்களை இம்போர்ட் பண்ணுங்க. அடுத்தது கேஸ். கேஸ்னா ஒரு ஆள். ஒரு ஆளை ரெண்டு தடவை பேட்டி எடுத்திருந்தா ரெண்டு ஃபைலும் ஒரே கேஸ்ல சேரும். குழுப் பேட்டின்னா ஒரே ஃபைல்ல யார் பேசின பகுதி யாரோட கேஸ்னு பிரிச்சுக் குடுக்கலாம். ஒவ்வொரு கேஸுக்கும் ஆட்ரிபியூட், அதாவது அந்த ஆளைப் பத்தின விவரம்: ஆணா பெண்ணா, வயசு, வந்த வருஷம், வந்த காரணம், முன்னாடி செஞ்ச வேலை, இப்ப செய்யற வேலை. வயசையும் வருஷத்தையும் நம்பரா குடுங்க, அப்பத்தான் "2010க்கு முன்னாடி வந்தவங்க"ன்னு வடிகட்ட முடியும். இதை முதல் நாளே செஞ்சிடுங்க, கடைசில செஞ்சுக்கலாம்னு தள்ளினா அது நடக்கவே நடக்காது.

கோடிங்

கோடிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேட்டியை எதையும் குறிக்காம சும்மா படிங்க. அப்புறம் ஒரு பேட்டியை எடுத்து வரி வரியா போங்க.

ஒரு வரி எடுத்துக்குவோம், இது நானா எழுதினது: "பஸ்ஸு ஃப்ரீதான், அதைக் குறை சொல்லல, ஆனா போக வர மூணு மணி நேரம் ஆகுது, புள்ள ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் இருக்கணும்ல, அதான் அந்த வீட்டு வேலைய விட்டுட்டேன்." முதல் தடவை பார்த்தா "போக்குவரத்து"ன்னு ஒரு கோடு போடத் தோணும். அது ஒரு தலைப்புதான், அதுல எதுவும் தெரியாது. நாளைக்கு "போக்குவரத்து"ங்கற கோடைத் திறந்தா எழுபது துண்டு வரும், எல்லாத்தையும் முதல்ல இருந்து படிக்கணும். அதுக்கு பதிலா "காசு இல்லை நேரம்தான் செலவு", "பிள்ளை வர்ற நேரம்", "வேலையை விட்டது"ன்னு மூணா உடைச்சா அந்தம்மா என்ன கணக்கு போட்டாங்கன்னு கோடுலயே தெரியும். 2021 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால அதுக்கு முன்னாடி எடுத்த பேட்டில "பஸ் செலவு"ன்னா காசு, அதுக்கு அப்புறம் எடுத்ததுல நேரம். ஒரே கோடுல ரெண்டையும் போட்டா இந்த மாற்றம் உங்க கண்ணுல படவே படாது. கோடுக்கு பேரு வெக்கறப்போ அவங்க என்ன செய்யறாங்க, என்ன சொல்ல வர்றாங்கன்னு வெச்சா இதெல்லாம் தானா வெளிய வரும்.

சில சமயம் அவங்க சொன்ன வார்த்தையே கோடுக்கு சரியான பேரு. அப்படி வெச்சுக்கறதுக்கு குவால்கோடர்ல இன் விவோ கோடுன்னு ஒரு வசதியே இருக்கு. தமிழ்ப் பேட்டிக்கு கோடையும் தமிழ்லயே வைங்கன்னுதான் நான் சொல்வேன், தீசிஸ் இங்கிலீஷ்ல எழுதினாலும் சரி. இங்கிலீஷ்ல கோடு போட்டா மனசு உடனே இங்கிலீஷ் கட்டுரைகள்ல படிச்ச தலைப்புகளைத் தேட ஆரம்பிச்சிடும். கைடுக்கு தமிழ் வராதுன்னா கோடோட மெமோல இங்கிலீஷ் விளக்கம் எழுதிடுங்க.

எவ்வளவு நீளம் செலக்ட் பண்றதுன்னு எல்லாரும் கேட்கறாங்க. தனியா எடுத்துப் படிச்சா புரியற அளவு. "அதான் விட்டுட்டேன்"னு மட்டும் எடுத்தா எதை விட்டாங்கன்னு தெரியாது, மேல சொன்ன வரி முழுசும் எடுக்கணும். ஒரே துண்டுக்கு மூணு நாலு கோடு இருக்கலாம், தப்பே இல்லை.

மூணு நாலு பேட்டி முடிஞ்சதும் நிறுத்துங்க. இந்நேரம் அறுபது எழுபது கோடு ஆகியிருக்கும், பாதி ஒண்ணையொண்ணு மாதிரி இருக்கும். ஒரே விஷயத்தைச் சொல்ற கோடுகளை மெர்ஜ் பண்ணுங்க, மீதியை கேட்டகரில போட்டு அடுக்குங்க. டேகெட்ல டேக் பேரை ஒரே முன்னொட்டோட ஆரம்பிங்க, "வேலை_விட்டது", "வேலை_புதுசு"ன்னு, அப்ப வரிசைல பக்கத்து பக்கத்துல நிக்கும். ஒவ்வொரு கோடுக்கும் மெமோல மூணு விஷயம் எழுதுங்க: இது எதைக் குறிக்குது, எதைக் குறிக்காது, பளிச்சுன்னு ஒரு உதாரண வரி. "எதைக் குறிக்காது"ங்கறதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, அதுதான் ரெண்டு மாசம் கழிச்சு உங்களைக் காப்பாத்தும். இதையெல்லாம் சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணினா அதுதான் உங்க கோடுபுக், தீசிஸ் பின்னிணைப்புல அப்படியே போடலாம்.

பின்னாடி பேட்டிகள்ல புதுக் கோடு வந்தா முதல் பேட்டிகளுக்குத் திரும்பிப் போய் அது அங்க இருக்கான்னு பார்க்கணும். சலிப்பான வேலைதான், ஆனா இதைச் செய்யலைன்னா "கடைசிப் பத்து பேர்தான் இதைச் சொன்னாங்க"ன்னு தப்பா வரும்.

ஒவ்வொரு பேட்டிலயும் எத்தனை புதுக் கோடு பொறந்ததுன்னு ஒரு ஓரத்துல குறிச்சுக்கிட்டே வாங்க. எத்தனை பேட்டி போதும்ங்கற கேள்விக்கு அது நேர்மையான பதில் சொல்லும். 2006ல வந்த ஒரு கட்டுரை மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு நாட்டுல எடுத்த 60 பேட்டியை ஆராய்ஞ்சு, முதல் 12 பேட்டிக்குள்ளயே பெரும்பாலான கோடு வந்துடுச்சுன்னு காட்டிச்சு, அதுல இருந்து "12 போதும்"னு எல்லாரும் எழுதறாங்க. அவங்க பேசினது ஓரளவு ஒரே மாதிரி ஆட்கள்கிட்ட, ஒரே மாதிரி கேள்வியோட. சுனாமிக்கு வந்தவங்க, வெள்ளத்துக்கு வந்தவங்க, ஆண், பெண்னு உங்க ஆட்கள் பலவிதமா இருந்தா அந்த 12ஐ எடுத்துப் போடாதீங்க.

மெமோ

ஒரு வரியைப் படிச்சதும் "இது ஆறாவது பேட்டில அந்தப் பெரியவர் சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கே"ன்னு தோணும். அந்த நொடில எழுதிடுங்க. குவால்கோடர்ல ஜர்னல்னு தனியா இருக்கு, தேதி போட்டு எழுதலாம், கோடிங் பண்ணின துண்டுக்கே மெமோ ஒட்டலாம். டேகெட்ல அந்த வசதி குறைவு, பக்கத்துல ஒரு டாக்குமென்ட் திறந்து வெச்சுக்கோங்க. இந்த மெமோக்கள்தான் பின்னாடி அத்தியாயம் ஆகும். கோடு நூறு இருந்து மெமோ ரெண்டு இருக்கற ப்ராஜெக்ட்ல எழுத உக்காந்தா கை ஓடாது. மெமோ நிறைய இருந்து கோடு நாப்பதே இருந்தா கூட தானா எழுத வரும்.

தேடல், ரிப்போர்ட்

தமிழ்ல வார்த்தை தேடறப்போ முழு வார்த்தையைக் குடுக்காதீங்க. "வீடு"ன்னு தேடினா "வீட்டுல", "வீட்டுக்கு", "வீட்டை" எதுவும் வராது. "வீட்டு"ன்னு தேடினா "வீட்டை" விட்டுப் போகும். "வீட்ட"ன்னு டகரத்தோட நிறுத்துங்க, கம்ப்யூட்டருக்கு உகரக் குறியும் ஐகாரக் குறியும் அதுக்குப் பின்னாடி வர்றதுதான், அதனால எல்லாம் மாட்டும். அப்புறம் "வீடு"ன்னு தனியா ஒரு தடவை தேடிக்கோங்க. இங்கிலீஷ்ல இருக்கற வேர்ச்சொல் தேடல் தமிழுக்கும் வேலை செய்யும்னு எந்த மென்பொருளையும் நம்பி இறங்காதீங்க.

வேர்டு கிளவுடு (நிறைய தடவை வர்ற வார்த்தையைப் பெருசா காட்டற படம்) பத்தி ஒரு வார்த்தை. நிறைய டூல் தமிழ் வார்த்தையை புள்ளி வர்ற இடத்துலயும் உயிர்மெய்க் குறி வர்ற இடத்துலயும் வெட்டிடும், துண்டு துண்டா எழுத்துதான் மிஞ்சும். வெட்டாம வந்தாலும் ஒரே சொல் பத்து வடிவத்துல சிதறிக் கிடக்கும். தீசிஸ்ல அதைப் போடறதுல எந்தப் பிரயோஜனமும் இல்லை, விட்டுடுங்க.

உண்மையான பலன் கோடிங் ரிப்போர்ட்ல இருக்கு. "வேலையை விட்டது"ங்கற கோடைத் தேர்ந்தெடுத்து, பெண்கள் மட்டும், 2015க்கு அப்புறம் வந்தவங்கன்னு ஆட்ரிபியூட் குடுத்தா அந்தத் துண்டுகள் மட்டும் வரிசையா வரும், எது எந்த ஃபைல்ல இருந்து வந்ததுன்னும் காட்டும். இதை உக்காந்து மொத்தமா ஒரே மூச்சுல படிக்கணும். அப்புறம் ஆண்களுக்கு எடுத்துப் படிங்க. வித்தியாசம் இருக்கான்னு பாருங்க. கோடுகளுக்கு இடையிலான உறவைக் காட்டற ரிப்போர்ட்டும் இருக்கு, "பிள்ளை வர்ற நேரம்"ங்கறதும் "வேலையை விட்டது"ங்கறதும் எத்தனை இடத்துல சேர்ந்தே வருதுன்னு காட்டும். சேர்ந்து வந்தா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு அர்த்தம் இல்லை, அந்த இடங்களைப் போய்ப் படிங்கன்னுதான் அர்த்தம்.

இப்போ "தூரம் முதல்ல பறிக்கறது பிள்ளை வெச்சிருக்கற பெண்களோட வேலையை"ன்னு ஒரு கருத்து உங்களுக்கு உருவாகுதுன்னு வெச்சுக்கோங்க. உடனே எழுத ஓடாம, அதுக்கு ஒத்து வராத ஆட்களைத் தேடுங்க. சின்னப் பிள்ளை இருந்தும் வேலையை விடாத பெண் யாராவது இருக்காங்களா? ஒருவேளை மாமியார் கூட இருக்காங்களோ, இல்ல பக்கத்துலயே ஐடி கம்பெனில ஹவுஸ்கீப்பிங் கிடைச்சிருக்கோ? அந்த ரெண்டு மூணு பேரோட பேட்டியைத் திரும்ப முழுசா படிச்சா உங்க கருத்து இன்னும் கூர்மையாகும், இல்ல மாறும். எனக்குத் தெரிஞ்சு ஆட்ரிபியூட் போட்டு வெச்சதுக்கு கிடைக்கற பெரிய பலன் இதுதான்.

எண்ணிக்கையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீங்க. "38 தடவை வந்தது"ங்கறதுல ஒரே ஆள் 20 தடவை சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் சொன்னாங்கன்னு பாருங்க, அதையும் சதவீதமா மாத்தாதீங்க.

ரெண்டு பேர் சேர்ந்து பண்ணினா

குவால்கோடர்ல ஒரே ப்ராஜெக்ட்டை ஒரே நேரத்துல ரெண்டு பேர் திறந்து வேலை செய்யக் கூடாது. ஒருத்தர் முடிச்சுக் குடுத்து அடுத்தவர் தன் கோடர் பேர்ல தொடரணும். ஒப்பிட்டுப் பார்க்கற ரிப்போர்ட் கோஹன் கப்பா எண்ணையும் குடுக்கும், ரெண்டு பேரோட கோடிங் எவ்வளவு ஒத்துப் போகுதுங்கறதுக்கான அளவு அது. சில ஜர்னல், சில கமிட்டி அதைக் கேட்பாங்க. ஆனா பிரான், கிளார்க் முறைல தீமேட்டிக் அனாலிசிஸ் (கோடுகள்ல இருந்து தீம்ங்கற பெரிய கருத்துகளை உருவாக்கற முறை) பண்றேன்னு எழுதிட்டு பக்கத்துலயே கப்பா போடாதீங்க, அந்த முறையை உருவாக்கினவங்களே அது அதுக்குப் பொருந்தாதுன்னு சொல்லியிருக்காங்க. கப்பா வேணுமோ வேணாமோ, ரெண்டு பேரும் ஒரே பேட்டியைத் தனித்தனியா கோட் பண்ணிட்டு எங்க வேறுபட்டதோ அங்க உக்காந்து பேசுங்க. அந்தப் பேச்சை மெமோவா எழுதுங்க.

ஏஐ

இப்போ பெரிய மென்பொருள் எல்லாத்துலயும், குவால்கோடர்லயும் கூட, ஏஐ வந்தாச்சு. முதல் கேள்வி அனுமதி. பேட்டி குடுத்தவங்க கிட்ட கையெழுத்து வாங்கின படிவத்துல "ஆய்வாளர் மட்டும் பார்ப்பார்"னு இருந்தா அதை வெளி சர்வருக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது, அவ்வளவுதான். அனுமதி இருந்து யூஸ் பண்ணினாலும் கோடிங் முடிஞ்சப்புறம் "நான் எதையாவது விட்டுட்டேனா"ன்னு பார்க்க யூஸ் பண்ணுங்க. ஆரம்பத்துலயே தீம் எழுதிக் குடுன்னு கேட்டா பொருளாதார நெருக்கடி, சமூக ஆதரவுன்னு எந்த ஊர்ப் பேட்டிக்கும் பொருந்தற நாலு தலைப்பு வரும். அது காட்டற ஒவ்வொரு மேற்கோளையும் டிரான்ஸ்கிரிப்ட்ல தேடிப் பார்க்காம எடுக்காதீங்க, இல்லாத வரியையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுக் குடுக்கும்.

எழுத உக்காரும்போது

ஒரு தீமுக்கு ஒரு ஃபைல்னு ரிப்போர்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அத்தியாயத்துல மேற்கோள் போடறப்போ பேட்டி எண்ணையும் வரி எண்ணையோ நேரக் குறிப்பையோ டிராஃப்ட்லயே கூட எழுதுங்க, கடைசி வெர்ஷன்ல வேணும்னா எடுத்துடலாம். இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துப் போடறீங்கன்னா தமிழ் மூலத்தையும் பக்கத்துலயோ பின்னிணைப்புலயோ வைங்க, தமிழ் தெரிஞ்ச தேர்வாளர் சரிபார்க்க முடியணும். முறையியல் பகுதில எந்த மென்பொருள், எந்த வெர்ஷன், அதை வெச்சு என்னென்ன செஞ்சீங்கன்னு நாலு வரி எழுதுங்க. "என்விவோ மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டது"ங்கற ஒத்தை வரியைப் படிச்சா யாருக்கும் எதுவும் தெரியாது.

சப்மிட் பண்ணினப்புறம் ப்ராஜெக்ட்டை ரெஃபி கியூடிஏ வடிவத்துல ஒரு காப்பி, கோடுபுக்கை டெக்ஸ்ட்டா ஒரு காப்பி, டிரான்ஸ்கிரிப்ட்டுகளை சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா ஒரு காப்பி எடுத்து வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு கட்டுரை எழுதறப்போ இந்த மென்பொருள் இருக்குமோ இருக்காதோ, டெக்ஸ்ட் ஃபைல் திறக்கும். ஆடியோவை எவ்வளவு நாள் வெச்சிருப்போம்னு எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் குடுத்தீங்களோ அந்தத் தேதியை இப்பவே காலண்டர்ல போட்டுடுங்க, அன்னிக்கு டைப் பண்ணிக் குடுத்த ஃப்ரெண்டோட லேப்டாப்ல இருக்கற காப்பியையும் சேர்த்து அழிக்கணும்.